இதயத்துக்குள் ஒரு ரப்பர் பந்து!

குழந்தையின் பால் பாட்டில் நிப்பிள் முதல் கண்ணுக்குள் வைக்கும் கருவி வரை எங்கும் சிலிகோன். உடல் அதை எப்போது ஏற்றுக்கொள்கிறது, எப்போது மறுக்கிறது?

1960 செப்டம்பர். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலுள்ள போர்ட்லேண்ட் நகரம். 52 வயதான ஒருவரின் நெஞ்சைத் திறந்து, பழுதாகிப்போன மைட்ரல் வால்வை வெட்டி எடுத்தார் டாக்டர் ஆல்பர்ட் ஸ்டார். இதயத்தின் இடது மேலறையிலிருந்து கீழறைக்கு ரத்தத்தை அனுப்பிவிட்டு, அது மீண்டும் மேலே ஏறாமல் மூடிக்கொள்ளும் கதவுதான் மைட்ரல் வால்வு. அந்த இடத்தில் அவர் வைத்துத் தைத்தது ஒரு சின்னக் கூண்டு. கூண்டுக்குள் ஒரு ரப்பர் பந்து.

ரத்தம் கீழே பாயும்போது பந்து விலகி வழிவிடும். கீழறை சுருங்கும்போது, ரத்தத்தின் அழுத்தமே பந்தைத் தள்ளிக்கொண்டு போய் ஓட்டையில் உட்கார வைத்துவிடும். கோலி சோடா குடித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். உள்ளே இருக்கும் அழுத்தம் கோலியைத் தள்ளி பாட்டிலின் வாயை அடைப்பது போலத்தான் இதுவும்.

இந்தப் பந்து வால்வை வடிவமைத்தவர் லோவெல் எட்வர்ட்ஸ். டாக்டர் அல்ல, விமானங்களுக்கு எரிபொருள் பம்ப் வடிவமைத்து, ஓய்வுபெற்ற இன்ஜினீயர். 1958-ல் ஸ்டாரைச் சந்தித்து, 'செயற்கை இதயம் செய்யலாமா?' என்று கேட்டார். 'முதலில் ஒரு வால்வு செய்வோம்' என்றார் ஸ்டார். இரண்டே வருடத்தில் அது மனித இதயத்துக்குள் போனது.

முதல் முயற்சி வெற்றி பெறவில்லை. 1960 ஆகஸ்டில் இந்த வால்வு பொருத்தப்பட்ட இளம்பெண், இதயத்துக்குள் தங்கியிருந்த காற்று ரத்தத்தோடு மூளைக்குப் போனதால், சில மணி நேரத்திலேயே இறந்துபோனார். அடுத்த மாதம் ஆபரேஷன் செய்துகொண்ட அந்த 52 வயதுக்காரர், அதன்பின் ஏறத்தாழ பத்து வருடம் வாழ்ந்தார்.

அந்தப் பந்து செய்த வேலையைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் தலைசுற்றும். நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் ஒரு நாளைக்கு ஒரு லட்சம் முறை. ஒரு வருடத்துக்கு மூன்றரைக் கோடிக்கும் மேல். ஒவ்வொரு முறையும் போய் மோத வேண்டும். திரும்பி வர வேண்டும். தேயக் கூடாது, கிழியக் கூடாது. சுற்றியிருக்கும் ரத்தமோ அதை எதிரியாக நினைக்கக் கூடாது.

இத்தனையையும் தாங்கும் என்று நம்பித் தேர்ந்தெடுக்கப்பட்ட பொருள்தான் சிலிகோன் ரப்பர். அந்த நம்பிக்கை எங்கே பலித்தது, எங்கே சறுக்கியது என்பதில், இன்று உடலுக்குள் ஏதேனும் கருவி பொருத்திக்கொள்ளும் எல்லோருக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

மணலின் பேரன்

ரப்பர் என்றதும் ரப்பர் மரமும் பாலும் ஞாபகத்துக்கு வரும். சிலிகோனுக்கும் மரத்துக்கும் சம்பந்தம் இல்லை. இதன் மூலப்பொருள் மணல் வகையைச் சேர்ந்த குவார்ட்ஸ். அதிலிருந்து சிலிக்கான் என்ற தனிமத்தைப் பிரித்தெடுத்து, பல படிகள் தாண்டி இந்த ரப்பரைச் செய்கிறார்கள்.

சாதாரண ரப்பரின் நீண்ட சங்கிலிகளுக்கு முதுகெலும்பு கார்பன். சிலிகோனின் சங்கிலியிலோ சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறி வரும். கண்ணாடியிலும் மணலிலும் இருக்கும் அதே பிணைப்புதான். அதனால்தான் வெந்நீரில் கொதிக்க வைத்தாலும், உறைய வைத்தாலும் இது குணம் மாறுவதில்லை.

இன்னொரு நல்ல குணமும் உண்டு. பல பிளாஸ்டிக்குகளை மென்மையாக்குவதற்குத் தனியாக ஒரு ரசாயனம் சேர்க்க வேண்டும். அது மெல்லக் கசியும். சிலிகோன் இயல்பிலேயே நெகிழ்வானது. அப்படி எதையும் சேர்க்கத் தேவையில்லை. தண்ணீர் ஒட்டாது. உடலின் என்சைம்களால் அதை எளிதில் சிதைக்கவும் முடியாது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் வேதியியலாளர் பிரெடரிக் கிப்பிங் இந்தச் சேர்மங்களை விரிவாக ஆராய்ந்தார். ஆனால், கையில் ஒட்டிக்கொள்ளும் இந்தப் பிசுபிசுப்பான பொருட்களால் பெரிய பயன் இருக்கும் என்று அவருக்கே நம்பிக்கை இல்லை. இரண்டாம் உலகப் போர் வந்தது. விமான இன்ஜின்களின் மின்இணைப்புகளில் ஈரம் புகாமல் காக்கும் பசை தேவைப்பட்டது. சிலிகோன் தொழிற்சாலைக்குள் நுழைந்தது அப்படித்தான்.

ஒரு தந்தை செய்த வால்வு

மருத்துவத்தில் சிலிகோனுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர்களில் ஒருவர், பூட்டுத் தயாரிப்பு நிறுவனத்தில் டெக்னீஷியனாக இருந்த ஜான் ஹோல்டர். அமெரிக்காவின் பிலடெல்பியா பகுதியைச் சேர்ந்தவர். 1955-ல் பிறந்த அவருடைய மகனுக்கு மூளையில் நீர் சேரும் நோய். தலை பெரிதாகிக்கொண்டே போகும். வடிக்காவிட்டால் மூளை நசுங்கும்.

நீரை ஒரு குழாய் மூலம் ரத்தத்தில் கலக்கவிடலாம். ஆனால், ரத்தம் திரும்பக் குழாய்க்குள் ஏறினால் அடைத்துவிடும். நீர் ஒரு பக்கம் மட்டும் போக வேண்டும்; அதுவும் குறிப்பிட்ட அழுத்தத்தில்தான் திறக்க வேண்டும். மகனுக்குச் சிகிச்சை அளித்த நரம்பியல் அறுவைச் சிகிச்சை நிபுணர் யூஜின் ஸ்பிட்ஸிடமிருந்து இந்தச் சிக்கலைத் தெரிந்துகொண்ட ஹோல்டர், வீட்டுப் பட்டறையில் உட்கார்ந்துவிட்டார்.

ரப்பரில் ஒரு சின்னக் கீறல் போட்டால், உள்ளிருந்து அழுத்தம் வரும்போது அது திறக்கும். அழுத்தம் குறைந்ததும் தானாக மூடிக்கொள்ளும். தத்துவம் சரி. ஆனால் எந்த ரப்பர்? கிருமி நீக்கத்துக்காகச் சூடுபடுத்தினாலும் அதன் இழுவிசை மாறக் கூடாது. ரத்தத்துக்குள் வருடக்கணக்கில் கிடந்தாலும் கெடக் கூடாது. சிலிகோன்தான் கைகொடுத்தது.

1956-ல் அந்த வால்வு முதலில் வேறொரு குழந்தைக்குப் பொருத்தப்பட்டது. ஹோல்டரின் மகன் சில வருடங்களே வாழ்ந்தான். அவனுக்காகப் பிறந்த வால்வோ, ஆயிரக்கணக்கான குழந்தைகளின் உயிரைக் காப்பாற்றியது. மூளை நீரை வடிக்கப் பொருத்தப்படும் குழாய்கள் இன்றும் பெரும்பாலும் சிலிகோன்தான்.

இந்தச் செய்தி பரவியதும், டாக்டர்கள் பலரும் தங்கள் நோயாளிகளுக்காக சிலிகோன் கேட்டுத் தயாரிப்பாளர்களுக்கு எழுத ஆரம்பித்தார்கள். கோரிக்கைகள் குவிந்ததால், 1959-ல் டவ் கார்னிங் நிறுவனம் மருத்துவ ஆராய்ச்சிக்கு உதவுவதற்கென்றே தனி மையம் தொடங்கியது.

தனியாக விட்டால் நோஞ்சான்

இவ்வளவு பெருமை பேசினாலும், ஒரு ரகசியத்தைச் சொல்லியாக வேண்டும். கலப்பில்லாத சிலிகோன் ரப்பர் ரொம்ப பலவீனமானது. ஒரு சதுர சென்டிமீட்டர் குறுக்களவுள்ள பட்டையில் நான்கைந்து கிலோவைத் தொங்கவிட்டாலே அறுந்துவிடும். காரணம், அதன் சங்கிலிகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடிப்பதில்லை. வெந்த இடியாப்ப இழை மாதிரி வழுக்கிப் போகும். மென்மைக்குக் காரணமான அந்தக் குணமே பலவீனத்துக்கும் காரணம்.

இதற்கு நம் ஊர் கொத்தனார்களுக்குத் தெரிந்த வைத்தியம்தான். மண்சுவருக்கு வைக்கோல் கலந்து பிசைவதுபோல, சிலிகோனில் சிலிகா என்ற நுண்தூளைக் கலக்கிறார்கள். கார் டயருக்குக் கரித்தூள் வலு கொடுக்கிறது. மருத்துவ சிலிகோனுக்கு அந்த வேலையைச் செய்வது சிலிகா.

இது சாதாரணத் தூள் அல்ல. சிலிக்கான் சேர்மம் ஒன்றின் ஆவியை ஹைட்ரஜன் தீச்சுடரில் எரித்தால், புகைபோலத் திரண்டு விழும் வெண்தூள். ஒவ்வொரு துகளும் மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். அவ்வளவு பொடியாக இருப்பதால், ஒரு கிராம் தூளின் மொத்த மேற்பரப்பு சுமார் 200 சதுர மீட்டர் வரும். அதாவது, ஏறக்குறைய ஒரு கிரவுண்டு மனை!

இந்தப் பரந்த மேற்பரப்பில் சிலிகோன் சங்கிலிகள் ஆங்காங்கே ஒட்டிக்கொள்கின்றன. இழுக்கும்போது பாரம் பல சங்கிலிகளுக்குப் பகிர்ந்து போகிறது. எங்காவது ஒரு வெடிப்பு தொடங்கினாலும், வழியில் துகள்கள் குறுக்கே நிற்பதால் நேராக ஓட முடியாமல் திணறுகிறது. முன்பு நான்கைந்து கிலோவுக்கு அறுந்த அதே அளவுப் பட்டை, இப்போது 80, 100 கிலோ வரை தாங்கும். அறுவதற்கு முன் பல மடங்கு நீளமும் கொடுக்கும்.

'சிலிகா தூளா? கல்குவாரித் தொழிலாளர்களுக்கு நுரையீரல் நோய் வருவது அதனால்தானே?' என்ற சந்தேகம் வரலாம். நியாயமான கேள்வி. சிலிகோசிஸ் நோய்க்குக் காரணம், படிக வடிவில் இருக்கும் சிலிகாவை மூச்சில் இழுப்பது. ரப்பரில் சேர்ப்பது படிகமில்லாத சிலிகா. அதுவும் ரப்பருக்குள் இறுகப் பூட்டப்பட்டிருக்கிறது. வெளியே வராதவரை பிரச்னை இல்லை.

அதற்காகத் தூளை அள்ளிப் போட்டுவிட முடியாது. கூடினால் ரப்பர் விறைத்துப்போகும். சரியாகப் பிசையாவிட்டால் தூள் கட்டிகட்டியாக நிற்கும். அந்த இடத்திலிருந்தே வெடிப்பு கிளம்பும். எக்ஸ்ரேயில் தெரிவதற்காகப் பேரியம் சல்பேட் சேர்ப்பதும் உண்டு. ஒவ்வொரு சேர்க்கையும் வலுவை ஒரு பக்கம் மாற்றும். உடல் ஏற்றுக்கொள்ளும் விதத்தை இன்னொரு பக்கம் மாற்றும்.

ரப்பரை இறுக வைப்பதற்குச் சேர்க்கும் பொருளும் முக்கியம். பெராக்சைடு சேர்த்து இறுக்கினால், வேதிவினையின் மிச்சங்கள் ரப்பருக்குள் தங்கும். பல மணி நேரம் சூடுபடுத்தி அவற்றை விரட்ட வேண்டும். பிளாட்டினத்தைத் துணையாகக் கொண்டு இறுக்கும் முறையில் அப்படிப்பட்ட மிச்சம் வருவதில்லை. மருத்துவப் பொருட்களில் பிளாட்டினம் முறை விரும்பப்படுவது அதனால்தான்.

பந்து ஏன் வீங்கியது?

இதய வால்வுக்குத் திரும்புவோம். ஸ்டார்-எட்வர்ட்ஸ் வால்வு உலகம் முழுக்கப் பரவியது. அதுவரை மரணத்தை மட்டுமே எதிர்நோக்கியிருந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். சில வருடங்களில், நன்றாக இருந்த சிலரிடம் விசித்திரமான மாற்றம் தெரிந்தது.

இந்த வால்வு பொருத்தியவர்களின் நெஞ்சில், பந்து கூண்டில் மோதும் 'டிக்' சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் மழுங்க ஆரம்பித்தது. சிலர் மயங்கி விழுந்தார்கள். சிலர் திடீரென்று இறந்துபோனார்கள். வால்வை எடுத்துப் பார்த்தபோது, வெண்மையாக இருந்த பந்து மஞ்சளாகியிருந்தது. சிலவற்றில் வெடிப்புகளும் பள்ளங்களும் விழுந்திருந்தன. சில பந்துகள் வீங்கி, கூண்டுக்குள் சிக்கிக்கொண்டு நகரவே இல்லை.

குற்றவாளி, ரத்தத்தில் ஓடும் கொழுப்பு.

சிலிகோன் தண்ணீரை விலக்கும். எண்ணெயை உறவு கொண்டாடும். சமையலறையில் சிலிகோன் கரண்டி வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். எத்தனை முறை கழுவினாலும் மசாலா வாசனையும் மஞ்சள் கறையும் முழுசாகப் போவதில்லை. எண்ணெயில் கரையும் பொருட்கள் ரப்பருக்குள் மெல்ல ஊறிவிடுகின்றன. இதயத்துக்குள் இருந்த பந்தும் அப்படியே ரத்தத்திலிருந்த கொழுப்பை உறிஞ்சியது. உறிஞ்ச உறிஞ்ச வீங்கியது. வீங்கிய ரப்பரின் வலு குறைந்தது. வலு குறைந்த பந்து ஒரு நாளைக்கு லட்சம் முறை மோதியபோது வெடித்தது.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். அந்தப் பந்தை உடல் எதிரியாக நினைக்கவில்லை. சீழ் இல்லை, ஒவ்வாமை இல்லை. 'உடலுக்கு ஒத்துப்போகும் பொருள்' என்ற பட்டத்தில் தப்பில்லை. உடலை ரப்பர் கெடுக்கவில்லை. ரப்பரை உடல் கெடுத்தது. ஒரு பொருளின் வலு வேறு, உடல் ஏற்பு வேறு என்று இரண்டு தனிக் கணக்காகப் பார்த்திருந்தால் இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

1960-களின் நடுவில் ரப்பரைப் பதப்படுத்தும் முறையை மாற்றினார்கள். அதன்பின் செய்யப்பட்ட பந்துகளில் இந்தச் சிக்கல் பெருமளவு மறைந்தது. இடையில், ரப்பரே வேண்டாம் என்று உலோகப் பந்தும், துணி சுற்றிய கூண்டும் செய்து பார்த்தார்கள். அதில் துணி தேய்ந்து வேறு பிரச்னை வந்தது. கடைசியில், திருத்தப்பட்ட சிலிகோன் பந்துதான் நிலைத்தது. புதிய வகை வால்வுகள் எத்தனையோ வந்த பிறகும், 2007 வரை இந்தப் பந்து வால்வின் தயாரிப்பு தொடர்ந்தது. அதே ஆண்டில் செயற்கை வால்வு துறையில் செய்த சாதனைக்காக, ஸ்டாருக்கும் பிரான்ஸின் டாக்டர் அலன் கார்பான்டியேவுக்கும் மருத்துவ உலகின் உயரிய லாஸ்கர் விருது கிடைத்தது.

கட்டியாக இருந்தால் நண்பன், தூளானால் எதிரி

அடுத்த பாடம் கைவிரல்களில் கிடைத்தது. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர்களுக்காக, 1960-களில் அமெரிக்க டாக்டர் ஆல்ஃபிரட் ஸ்வான்சன் சிலிகோனில் விரல் மூட்டு செய்தார். கதவுக் கீல்போல மடங்கும் ஒரே துண்டு. இரு பக்கமும் நீளும் காம்புகள் எலும்புக்குள் செருகப்படும். சுற்றிலும் உடலே ஒரு தழும்புத் திசுவை உறையாக வளர்த்து, மூட்டைப் பிடித்துக்கொள்ளும்.

வலி குறைந்தது, விரல் நேரானது. ஆனால் சில வருடங்களில் பல மூட்டுகள் உடைந்தன. சிலிகோனை இழுத்தால் நன்றாகத் தாங்கும். ஒரு கீறல் விழுந்துவிட்டால்தான் கஷ்டம். பிளாஸ்டிக் பால் பாக்கெட்டின் ஓரத்தில் சின்னதாகக் கடித்துவிட்டால், அடுத்து இழுத்ததும் நேராகக் கிழிவது மாதிரி. எலும்பின் கூரான விளிம்பு மூட்டில் ஒரு கீறல் போட்டால், ஒவ்வொரு மடக்கலிலும் அது வளர்ந்துகொண்டே போகும். கிழிசலை இன்னும் நன்றாக எதிர்க்கும் சிலிகோன் 1970-களில் வந்தது. இன்றும் விரல் மூட்டுகளுக்கு சிலிகோன் பயன்படுகிறது. மூட்டு உடைந்த பிறகும், சுற்றி வளர்ந்த தழும்பு உறை பிடித்துக்கொள்வதால், பலருடைய விரல்கள் தொடர்ந்து வேலை செய்கின்றன.

மணிக்கட்டில் கதை வேறு மாதிரி போனது. விரலைவிட மணிக்கட்டில் சுமை மிக அதிகம். அங்குள்ள சிறு எலும்புகளுக்குப் பதிலாக சிலிகோன் துண்டுகளை வைத்தபோது, அவை அரைபட்டு நுண்துகள்களாக உதிர்ந்தன. அந்தத் துகள்களைத் தின்று அகற்ற உடலின் பாதுகாப்பு செல்கள் ஓடி வந்தன. தின்னவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. வீக்கம் வந்தது. பக்கத்து எலும்புகள் அரித்துப்போயின. கட்டியாக இருந்தவரை உடல் கண்டுகொள்ளாத அதே பொருள், தூளானதும் எதிரியானது. பெரும்பாலான டாக்டர்கள் அந்த முறையையே கைவிட்டார்கள்.

அதாவது, போதுமான வலு இல்லாத இடத்தில் உடல் ஏற்பும் இருக்காது.

மோசடி செய்தால்?

இதுவரை சொன்னதெல்லாம் நல்ல எண்ணத்தோடு செய்து, தவறு நேர்ந்து, திருத்திக்கொண்ட கதைகள். பிரான்ஸில் நடந்தது அப்படியல்ல.

மார்பக உள்பொருத்தியில் இரண்டு வகை சிலிகோன் உண்டு. வெளிஉறை, சிலிகாவால் வலுவூட்டிய ரப்பர். உள்ளே இருப்பது வலுவூட்டாத, கூழ் போன்ற ஜெல். பிஐபி என்ற பிரெஞ்சு நிறுவனம், செலவைக் குறைப்பதற்காக, அனுமதி பெற்ற மருத்துவத் தர ஜெல்லுக்குப் பதிலாகத் தொழிற்சாலைத் தர சிலிகோனை நிரப்பி விற்றது. ஆய்வுக்கு வருகிறவர்களிடம் அதை மறைத்தது. இந்த உறைகள் வழக்கத்தைவிட அதிகமாகக் கிழிவதை டாக்டர்கள் கவனித்ததும்தான் விஷயம் வெளியே வந்தது. 2010-ல் விற்பனை தடை செய்யப்பட்டது. உலகம் முழுக்க லட்சக்கணக்கான பெண்களின் உடலில் அவை இருந்தன. 2011 இறுதியில், பிரான்ஸில் மட்டும் சுமார் 30,000 பெண்களிடம் அவற்றை அகற்றிக்கொள்ளும்படி அரசே பரிந்துரைத்தது. நிறுவனத்தைத் தொடங்கிய ழான் கிளோட் மாஸுக்கு 2013-ல் நான்கு வருட சிறைத் தண்டனை கிடைத்தது.

இரண்டுக்கும் பெயர் 'சிலிகோன்'தான். கண்ணால் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. தரம் என்பது பெயரில் இல்லை. அது எப்படிச் செய்யப்பட்டது, எப்படிச் சோதிக்கப்பட்டது என்பதில் இருக்கிறது.

எப்படிச் சோதிக்கிறார்கள்?

உடலோடு தொடர்பில் வரும் கருவிகளுக்கு ஐஎஸ்ஓ 10993 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது. பொருளை ஊறவைத்து, அதிலிருந்து என்னென்ன கசிகிறது என்று பார்க்கிறார்கள். அந்தச் சாற்றில் உயிருள்ள செல்கள் பிழைக்கின்றனவா, தோலில் ஒவ்வாமை வருகிறதா, ரத்தம் உறைகிறதா, திசுவுக்குள் வைத்தால் என்ன ஆகிறது என்று பல கட்டங்கள். எல்லாக் கருவிக்கும் எல்லாச் சோதனையும் கிடையாது. உடலின் எந்தப் பகுதியைத் தொடுகிறது, எவ்வளவு நாள் தொடுகிறது என்பதைப் பொறுத்துச் சோதனைகளை முடிவு செய்கிறார்கள். தோலில் ஒரு நாள் ஒட்டும் பட்டைக்கும், ரத்தத்தில் வருடக்கணக்கில் கிடக்கும் வால்வுக்கும் ஒரே அளவுகோல் இருக்க முடியாது அல்லவா?

இன்னொரு பக்கம் வலுச் சோதனை. இழுப்பது, கிழிப்பது, அழுத்துவது, கோடிக்கணக்கான முறை மடக்குவது. மூலப்பொருள் தேறினால் மட்டும் போதாது; அச்சில் வார்த்து, கிருமி நீக்கி, பெட்டியில் அடைக்கத் தயாரான கருவியே தேற வேண்டும். இந்தியாவில் 2018 முதல் நடைமுறையில் இருக்கும் மருத்துவக் கருவிகள் விதிகள், ஆபத்தின் அளவுக்கு ஏற்பக் கருவிகளை நான்கு வகையாகப் பிரிக்கின்றன. ஆபத்து கூடக் கூட, கட்டுப்பாடும் கூடும்.

மதுரையில் ஒரு சிலிகோன் தட்டு

உடலின் எதிர்வினையைத் தடுக்காமல், அதையே வேலைக்கு வைத்துக்கொள்ளும் கருவி ஒன்று மதுரையில் தயாராகிறது.

க்ளாக்கோமா என்பது கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை நரம்பை மெல்லக் கொல்லும் நோய். சொட்டு மருந்துக்கும் மற்ற ஆபரேஷன்களுக்கும் கட்டுப்படாதபோது, கண்ணுக்குள்ளிருந்து நீரை வெளியேற்றும் ஒரு குழாய்க் கருவியைப் பொருத்துவார்கள். இறக்குமதிக் கருவிகளின் விலை, ஏழை நோயாளிகளுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. அரவிந்த் கண் மருத்துவமனையின் உற்பத்தி நிறுவனமாக 1992-ல் மதுரையில் தொடங்கப்பட்ட ஆரோலேப், 2013-ல் இதற்கான சிலிகோன் கருவியைக் குறைந்த விலையில் கொண்டுவந்தது.

350 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள மெல்லிய, வளைந்த சிலிகோன் தட்டு. அதிலிருந்து நீளும் ஒரு சிறு சிலிகோன் குழாய். தட்டு கண்ணின் வெள்ளைப் பகுதியின் மேல், தசைகளுக்கு அடியில் மறைவாக உட்காரும். குழாயின் நுனி கண்ணுக்குள் போகும். கண்ணின் வளைவுக்கு ஒத்து வளைய வேண்டும் என்பதால் தட்டு மென்மையாக இருக்க வேண்டும். தையல் போடும்போது கிழியாத வலுவும் வேண்டும்.

இதில் வால்வு கிடையாது. பிறகு நீரின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது யார்? உடல்தான்! அந்நியப் பொருளைச் சுற்றித் தழும்பு உறை வளர்ப்பது உடலின் வழக்கம். சிலிகோன் தட்டைச் சுற்றியும் அப்படி ஓர் உறை வளர்கிறது. கண்ணிலிருந்து வரும் நீர், அந்த உறைக்குள் தேங்கி, அதன் சுவர் வழியே கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து உறிஞ்சப்படுகிறது. உறை வளர்வதற்கு முன் நீர் மொத்தமாக வடிந்துவிடக் கூடாது என்பதற்காக, தானாகக் கரையும் நூலால் குழாயைக் கட்டிவிடுகிறார் டாக்டர். ஐந்தாறு வாரத்தில் நூல் கரைந்து குழாய் திறக்கும்போது, உறை தயாராக இருக்கும்.

உறை ரொம்பத் தடித்துவிட்டால் நீர் கசியாது. மறுபடி அழுத்தம் ஏறும். அதனால், தட்டின் பொருளும் வழவழப்பும் உடலைச் சீண்டாமல் இருக்க வேண்டும். உடல் ஒரு பொருளைக் கண்டுகொள்ளாமல் இருப்பது மட்டும் உடல் ஏற்பு அல்ல. நமக்கு வேண்டிய அளவுக்கு, வேண்டிய விதத்தில் அது எதிர்வினை செய்வதும் உடல் ஏற்புதான்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

சிலிகோன் இன்று எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. காது கேட்க உதவும் காக்ளியர் கருவியின் மின்முனைகளைச் சுற்றியிருப்பது சிலிகோன். படுத்த படுக்கையாக இருக்கும் தாத்தாவின் சிறுநீர்க் குழாய் லேடெக்ஸாக இருக்கலாம், சிலிகோனாகவும் இருக்கலாம். பொதுவாக சிலிகோன் குழாயைக் கூடுதல் நாள் வைத்திருக்க முடியும் என்றாலும், எத்தனை நாளில் மாற்ற வேண்டும் என்பதை டாக்டரிடம் கேட்டு, தேதியைக் காலண்டரில் குறித்து வைப்பது நல்லது.

குழந்தையின் பால் பாட்டில் நிப்பிளை அடிக்கடி விரலால் இழுத்துப் பாருங்கள். கீறல், பல் பதிந்த தடம், பிசுபிசுப்பு, வீக்கம் தெரிந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். சின்னக் கீறல்தானே என்று விட்டால், அடுத்த கடியில் ஒரு துண்டு குழந்தையின் வாய்க்குள் போகலாம்.

அழகுக்காக உடலில் சிலிகோன் திரவத்தை ஊசியாகப் போடுவதாக யாராவது சொன்னால், பக்கத்திலேயே போகாதீர்கள். உறைக்குள் இருக்கும் சிலிகோன் வேறு. கட்டின்றி உடலில் ஓடும் திரவம் வேறு. அது இடம் மாறும். ரத்தக் குழாயை அடைத்து உயிரையும் பறிக்கும்.

உடலுக்குள் ஏதாவது கருவி பொருத்தினால், அதன் மாடல் எண், தொகுதி எண் அச்சிட்ட அட்டையையோ ஸ்டிக்கரையோ கேட்டு வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். பத்து வருடம் கழித்து அந்த வகைக் கருவியில் குறை என்று செய்தி வந்தால், நம் வீட்டில் இருப்பது அதுவா இல்லையா என்று சொல்லப்போவது அந்தச் சின்ன அட்டை மட்டும்தான்.

ஆபரேஷனுக்கு முன் பெரும்பாலான குடும்பங்கள் டாக்டரிடம், 'இது நல்ல பொருள்தானே, ஒன்றும் பண்ணாதே?' என்று கேட்பார்கள். அதோடு இன்னும் மூன்று கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளலாம்: 'இது எந்த இடத்தில், எவ்வளவு சுமை தாங்கப்போகிறது? எத்தனை வருடம் உள்ளே இருக்கும்? கெட ஆரம்பித்தால் எங்களுக்கு எப்படித் தெரியும்?'